ஹெரால்டுக்கு உடம்பு சரியில்லை

பழைய காரைப் புதுப்பிக்கிற பொழுதுபோக்கில் பொழுது நன்றாகப் போகும், கார்தான் போகாது.

இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஓடாத ஒரு வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துக்கொண்டு, "பொங்கலுக்குள்ள ஓட வச்சிருவேன்" என்று, எந்தப் பொங்கல் என்று மட்டும் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே வார்டில் படுத்திருப்பவர்கள். என் பெயர் செல்வராணி. திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் சின்னதாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். காலை ஆறரையிலிருந்து பதினோரு மணி வரை ஊரார் கையில் ஊசி குத்துவேன். சாயங்காலம் பழைய ஒர்க்‌ஷாப் சாமான்களுக்கும் ஒரு ஹெரால்டு காருக்கும் வைத்தியம் பார்ப்பேன். காலையில் செய்கிற வேலைக்காக யாரும் என்னைப் பைத்தியம் என்று சொன்னதில்லை.

ஸ்டூல் வாங்கப் போனேன்

பரிசோதனை நிலையத்துக்கு ஒரு இரும்பு ஸ்டூல் வேண்டியிருந்தது. புதிதாக எதற்கு என்று பழைய இரும்புக் கடைக்குப் போனேன். அங்கே உடைந்த சைக்கிள்களுக்கு நடுவே அது கிடந்தது. ஒர்க்‌ஷாப்பில் காரைத் தூக்குவதற்குச் சக்கரம் வைத்த பெரிய ஜாக்கி ஒன்று வைத்திருப்பார்களே, அது. கைப்பிடியோடு சேர்த்தால் என்னைவிட நீளம். துருவுக்கு அடியில் எங்கேயோ பச்சைப் பெயின்ட் தெரிந்தது. சும்மா ஒரு தடவை கைப்பிடியை அழுத்திப் பார்த்தேன். முனகிக்கொண்டே அரை அங்குலம் எழுந்தது. எத்தனை வருஷமாகக் கிடந்ததோ, கூப்பிட்ட குரலுக்கு எழுந்திருக்கப் பார்க்கிறதே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஸ்டூல் மறந்துபோனது.

லோடு ஆட்டோவிலிருந்து இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். என் கணவர் ஜெயராஜ் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டில் பேசுவதையும் மார்க் போடுவது மாதிரி அளந்துதான் பேசுவார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஜாக்கியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். நிமிர்ந்தார். "ராணி, இதுல எந்தப் பக்கம் உக்காரணும்?"

பீரோ ஏறியது

அந்த ஜாக்கியைப் பிரித்து, கழுவி, உள்ளே இருந்த ரப்பர்களை மாற்றி, பச்சை பெயின்ட் அடித்து நிறுத்த இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு அது என்னுடையதாக இல்லை, தெருவுடையதாகிவிட்டது. எதிர்வீட்டுப் புஷ்பம் அக்காவின் தோட்டுத் திருகாணி பீரோவுக்கு அடியில் உருண்டுவிட்டது. "ராணி, அந்த மெஷினைச் செத்த நேரம் குடு" என்று வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றோடு எட்டுப் பேர் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது போன் வந்தது. "ஏய் ராணி, பீரோ ஏறிக்கிட்டே இருக்குடி, எறங்க மாட்டேங்குது!"

பாதி ரத்தம் எடுத்தவரிடம் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஓடினேன். பீரோவின் தலை பரண் ஸ்லாப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் கணவர் அது சாயாமல் இருக்க, கட்டிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கல்யாண போட்டோவில்கூட அவர் அக்காவிடம் அவ்வளவு நெருக்கமாக நிற்கவில்லை. கைப்பிடியை இடப்பக்கமாக மெல்லத் திருகினேன். பீரோ பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கியது. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "இடப்பக்கம் திருகணும்னு நேத்தே சொல்றதுக்கு என்ன? நாளைக்கு நான் ஃப்ரிட்ஜைத் தூக்கணும்ல!"

பங்க்

ஜாக்கிக்குப் பின்னால் கிரீஸ் பம்ப் வந்தது, காற்றடிக்கிற கம்ப்ரசர் வந்தது, கடைசியில் கையால் சுற்றிப் பெட்ரோல் போடுகிற பழங்காலத்து பம்ப் ஒன்றும் வந்தது. கண்ணாடியும் எண்களும் இருக்கிற உயரமான பம்ப். சிவப்பு பெயின்ட் அடித்து, காம்பவுண்டுக்கு உள்ளே கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். நின்றது ஒரு நாள்தான் அழகுப் பொருளாக. மறுநாள் மத்தியானம் வேகாத வெயிலில் ஒருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்துவிட்டார். பின்னால் அவர் மனைவி, கையில் கட்டைப் பையோடு.

"நூறு ரூபாய்க்குப் போடுங்க" என்றார். இது ஓடாது, பெட்ரோல் கிடையாது, சும்மா பார்வைக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவர் பம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் எதையோ மறைக்கிறேன் என்று முடிவு செய்தார். தண்ணீர் கொடுத்து, பரிகாரமாக இரண்டு டயருக்கும் காற்றடித்துக் கொடுத்தேன். காற்றடித்த வண்டியை மறுபடியும் தள்ளிக்கொண்டு கிளம்பினார். கேட்டைத் தாண்டும்போது அந்த அம்மா திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "பெட்ரோலே ஊத்தாத பங்க்குக்கு எதுக்கும்மா இம்புட்டு பெயின்ட்டு?"

அடைக்கோழி

இப்படிச் சில்லறை வியாதியாக இருந்தது முற்றியது சாணார்பட்டிப் பக்கம். பேகம்பூரில் காஜா பாய் என்று ஒரு மெக்கானிக். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கிற புதுக் கார்களில் அவருக்குப் பிழைப்பு. பழைய கார்களில் உயிர். என் வயதுதான், என்றாலும் என்னை அக்கா என்பார். ஒரு நாள் போன் செய்து, கோயிலுக்குள் இருந்து பேசுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்: "அக்கா, ஒரு ஹெரால்டு கெடக்கு. ரெண்டு கதவு வண்டி. வந்து பாத்துட்டுப் போயிருங்க, வாங்கலைன்னாலும் பரவால்ல." கள்ளுக்கடை வாசலில் நின்றுகொண்டு குடிக்க வேண்டாம், வாசனை மட்டும் பிடி என்பது மாதிரிதான்.

கத்தரித் தோட்டத்தை ஒட்டிய கொட்டகையில் நின்றது. மேலே வைக்கோல், உள்ளே உரச் சாக்கு. வீட்டுக்கார அம்மா பெயர் ராமுத்தாயி. கார் அவருடைய மாமனாருடையது, அவர் போய்ச் சேர்ந்த பின் யாரும் தொடவில்லை. விலையில் எங்களுக்குள் பேச்சே இல்லை; கொட்டகை காலியானால் போதும் என்றிருந்தார். டிராக்டர் டிரெய்லரோடு நாங்கள் போய் நின்ற அன்றைக்குத்தான் சிக்கல். பின் சீட்டில் ஒரு கோழி அடை உட்கார்ந்திருந்தது. பாய் கையை நீட்டினார், அது கொத்தியது. ராமுத்தாயி எங்களை நகரச் சொல்லிவிட்டு, யோசித்து, நியாயமான தீர்ப்பு ஒன்று சொன்னார்: "காரை இன்னைக்கே கொண்டுக்கிட்டுப் போங்க. பின் சீட்டை மட்டும் இருவத்தோரு நாள் கழிச்சு வந்து எடுத்துக்கங்க."

உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சி

காரின் ஆர்.சி. புக் இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தது. என் பெயருக்கு மாற்ற ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், நீங்களும் நடந்திருப்பீர்கள். வண்டியை நேரில் கொண்டு வந்து காட்ட வேண்டும் என்றார்கள். ரோட்டில் கொண்டு வரப் பேப்பர் வேண்டுமே என்றேன். பேப்பர் வேண்டுமானால் வண்டியைக் கொண்டு வர வேண்டுமே என்றார்கள். கடைசியில் மறுபடி டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய், வேப்பமரத்தடியில் நிறுத்தினேன்.

அதிகாரி டிரெய்லரில் ஏறி, சேஸிஸ் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர், சட்டையில் துரு ஒட்டியதற்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை. வாரிசுச் சான்று, மாமனாரின் இறப்புச் சான்று, ராமுத்தாயியின் கையெழுத்து, எல்லாவற்றையும் புரட்டினார். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். இன்னும் என்ஜினே பிரிக்கவில்லை சார் என்றேன். அவர் காகிதக் கட்டை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்தார். "ஓனர் செத்துட்டாருங்குறதுக்கு சர்ட்டிபிகேட் வச்சிருக்கீங்க. வண்டி உசுரோட இருக்குங்குறதுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

நாலு கால்

ஹெரால்டின் முன்பக்கம் மொத்தமும், மட்கார்டு விளக்கு எல்லாம் சேர்த்து, முதலை வாயைத் திறப்பது மாதிரி முன்னால் மடங்கித் திறக்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்ஜினைப் பார்க்கலாம். காஜா பாய் ஞாயிற்றுக்கிழமை தோறும் மத்தியானம் வந்து அந்தச் சக்கரத்தில் உட்கார்ந்துவிடுவார். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருகிறார் என்று நான் கேட்கவில்லை. அங்கேதான் தப்பு. ஒவ்வொரு ஞாயிறும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, அழுக்குச் சட்டையோடு திரும்புகிற கணவனைப் பற்றி ஒரு மனைவி எத்தனை வாரம் பொறுப்பார்?

ஏழாவது வாரம் அவர் மனைவி மெஹருன்னிசா ஆட்டோவில் வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்ததுமே என் கணவர், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டு, வீட்டை ஒட்டிக் காருக்காகப் போட்டிருந்த கொட்டகையைக் கை காட்டினார். அங்கே காருக்கு அடியிலிருந்து நாலு கால் நீட்டிக்கொண்டிருந்தது, இரண்டு பாயுடையது, இரண்டு என்னுடையது. நாங்கள் மல்லாந்து படுத்துக்கொண்டு, இறுகிப்போயிருந்த ஒரு போல்ட் நாலு வாரம் கழித்து அன்றைக்குத்தான் கழன்றது என்ற சந்தோஷத்தில், "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று கிட்டத்தட்ட அழுதுகொண்டிருந்தோம். மெஹருன்னிசா குனிந்து எட்டிப் பார்த்தார். புருஷன் நெஞ்சில் அணைத்து வைத்திருந்த துருப்பிடித்த போல்ட்டையும் பார்த்தார். நிமிராமலே சொன்னார்: "இதுக்கு நான் நெனச்சுக்கிட்டு வந்ததே பரவால்லக்கா."

சேனல்காரர்கள்

பழைய வண்டிகளைப் பற்றிப் படம் பிடித்துப் போடுகிற ஒரு சேனலிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மைக்கை நேராக என் கணவர் சட்டையில் குத்தினார்கள். அவர் என்னைக் காட்டினார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். "சார், இந்தக் கார்ல உங்களுக்குச் சவாலா இருந்த விஷயம் எது?" என்று கேட்டார்கள். ஸ்பேனருக்கும் ஸ்க்ரூடிரைவருக்கும் வித்தியாசம் கேட்டாலே யோசிக்கிற மனுஷன், உண்மையை மறைக்காமல் "வீட்டுல எடம்" என்றார். முக்கால் மணி நேரம் எடுத்தார்கள். நான் கையெல்லாம் கிரீஸோடு பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் கேமரா என் பக்கம் திரும்பியது. "மேடம், சாரோட இந்த ஆர்வத்துக்கு நீங்க எப்படி சப்போர்ட் பண்றீங்க? டீ எல்லாம் போட்டுக் குடுப்பீங்களா?"

சகோதரர் ஹெரால்டு

காரிலிருந்து வடித்த பழைய ஆயிலில் எவ்வளவு இரும்புத் தூள் இருக்கிறது என்று பார்க்க, ஒரு டெஸ்ட் டியூபில் கொஞ்சம் பிடித்துப் பரிசோதனை நிலையத்தில் நிறுத்தி வைத்திருந்தேன். பழக்க தோஷத்தில் பெயர்ச் சீட்டும் ஒட்டியிருந்தேன். சர்க்கரை பார்க்க வருகிற அன்னம்மாள் அக்கா கையை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது அது கண்ணில் பட்டுவிட்டது. தார் மாதிரிக் கறுப்பாக ஒரு டியூப். மேலே என் கையெழுத்தில் 'ஹெரால்டு'. எங்கள் மாதா கோயில் சபையில் பாதிப் பேருக்கு அந்த மாதிரிப் பெயர்தானே? "யம்மா! ரத்தமா இது?" என்று நெஞ்சில் கை வைத்தார். சிரித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். ஊசி உள்ளே இருந்ததால் "ஆடாதீங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். பிறகு அடுத்த ஆள் வந்துவிட்டார், மறந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மன்றாட்டு நேரம். "கடும் நோயினால் வாடும் சகோதரர் ஹெரால்டுக்காக மன்றாடுவோம்" என்று ஒலிபெருக்கியில் கேட்டது. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சபை மொத்தமும் சொன்னது. என் கணவருக்குத் திடீரென்று இருமல் வந்து, கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். அந்த வாரம்தான் என்ஜின் முதல் தடவையாக உறுமியிருந்தது, உறுமிவிட்டு அணைந்துகொண்டிருந்தது. வெளியே வந்ததும் அன்னம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹெரால்டு அண்ணன் இப்ப எந்திரிக்கிறாரா?" கண்ணில் தண்ணீர் வேறு. நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டார்: "எந்திரிக்கிறாரு. ரெண்டு நிமிஷத்துல மறுபடியும் படுத்துர்றாரு."

பெண் ஊர்வலம்

என் நாத்தனார் ரெஜினாவின் மகள் ஷீபாவுக்குச் சின்னாளப்பட்டியில் கல்யாணம். பெண்ணைத் திண்டுக்கல்லிலிருந்து கோயிலுக்கு அழைத்துப் போகிற கார் தாய்மாமன் பொறுப்பு. ஷீபா "மாமா, ஹெரால்டுதான் வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதற்குள் கார் ஒரு மாதமாக நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, பேப்பரும் கிடைத்துவிட்டது. ரெஜினா ஒத்துக்கொள்ளவில்லை. "நடு ரோட்டுல நின்னுச்சுன்னா என் மானம் போயிரும்ணே" என்றாள். என் கணவர்தான் சொன்னார், "ராணி ஓட்டுனா ஓடும்." இருபத்து மூன்று வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்குப் போட்ட முதல் நூற்றுக்கு நூறு. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கல்யாணத்தன்று காலை பால் நிறத்தில் மின்னிக்கொண்டு, முன்னால் பூச்சரத்தோடு கிளம்பினோம். நான் ஓட்ட, பக்கத்தில் கோட்டுப் போட்ட என் கணவர், பின்னால் ஷீபாவும் அவள் அப்பா அந்தோணி அண்ணனும். ரெஜினா உறவுக்காரர்களோடு வேனில் முன்னாலேயே போய்விட்டாள். அம்பாத்துறைக்குக் கொஞ்சம் முன்னால் கார் இரண்டு தடவை விக்கியது. மூன்றாவது விக்கலில் நின்றுவிட்டது. இறங்கி முன்பக்கத்தை மடக்கித் திறந்தேன். பூச்சரம் அறுந்து மதுரை ரோட்டில் விழுந்தது. போகிற வருகிற வண்டிக்காரர்கள் எல்லாரும் வேகத்தைக் குறைத்து, மணப்பெண்ணைப் பார்த்துவிட்டு, ஆலோசனை சொல்லாமல் போனார்கள். அதுதான் இன்னும் வலித்தது. மணி பத்தாகப் போகிறது. ஷீபாவின் கண்ணில் மை கலங்க ஆரம்பித்தது. அந்த நேரம் ஒரு டவுன் பஸ் தானாகவே ஓரம் கட்டியது. டிரைவர் எட்டிப் பார்த்து, "கோயிலுக்குத்தானே? ஏறுங்க, வாசல்ல எறக்கி விடுறேன்" என்றார். வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஷீபா ஏறினாள். உள்ளே பெண்கள் கூட்டம் எழுந்து இடம் கொடுத்தது, ஒருத்தி கைதட்டினாள். அந்தோணி அண்ணன் சூட்டும் டையுமாகப் பின்னால் ஏறினார். கண்டக்டர் பையைத் தட்டிக்கொண்டே சொன்னது ரோட்டில் நின்ற எங்களுக்குக் கேட்டது: "பொண்ணுக்கு ஃப்ரீ. பொண்ணோட அப்பா டிக்கெட் எடுங்க."

தாய்மாமன்

பஸ் போனது. ரோட்டில் நானும் அவரும் காரும். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்களும் அதுலயே போயிருக்கலாம்ல. நீங்க இல்லாம எப்படி?" என்றேன். அவர் கோட்டைக் கழற்றி மடித்துச் சீட்டில் வைத்தார். "தாய்மாமன் கார்ல வாரேன்னு சொல்லியிருக்கேன். எதைப் புடிக்கணும், சொல்லு" என்றார்.

காஜா பாய்க்குப் போன் போட்டேன். "பெட்ரோல் வருதான்னு பாருங்கக்கா" என்றார். வரவில்லை. டாங்கிலிருந்து வருகிற ரப்பர் குழாய் எத்தனால் கலந்த இந்தக் காலத்துப் பெட்ரோலில் ஊறி, உள்ளுக்குள்ளேயே உப்பி அடைத்துக்கொண்டிருந்தது. மாற்றுக் குழாய்க்கு எங்கே போவது? வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுப்பதற்காகக் கையில் கட்டுகிற ரப்பர் டியூப் ஒன்று என் கைப்பையில் எப்போதும் கிடக்கும். அதை வெட்டி, மாட்டி, ஷீபாவுக்கு வைத்துவிட்டு மிஞ்சிய பூவின் நாரால் இறுக்கிக் கட்டினேன். என் கணவர் இரண்டு கையாலும் குழாயைத் தாங்கிப் பிடித்திருந்தார். பெட்ரோல் அவர் வெள்ளைச் சட்டையில் வழிந்தது. போனில் பாய் அலறினார்: "அக்கா, அது பத்து கிலோமீட்டருக்குத் தாங்காது!" என் கணவர் போனைப் பார்த்து நிதானமாகச் சொன்னார், "நாலு கிலோமீட்டருக்குத் தாங்குனாப் போதும் பாய்." கார் எழுந்தது.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். ரெஜினா படியில் நின்றாள். அவள் என்ன சொல்வாள் என்று நான் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் அண்ணனுடைய சட்டையைப் பார்த்தாள், கறுத்துப்போன கையைப் பார்த்தாள், தன் சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். கல்யாணத்தைப் பார்க்கவில்லையே என்று அவருக்கு வருத்தம்தான். ஆனால் ஷீபா மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடி வந்து காரில் சாய்ந்து நின்றாள். போட்டோக்காரர் கூட்டத்தை விலக்கினார். அவள் என் காதுக்கு அருகே குனிந்தாள். "அத்தை, கார் சூப்பரா இருக்கு, போட்டோ எடுத்துக்கிறோம். ஸ்டார்ட் மட்டும் பண்ணிராதீங்க."

முன்பாதி

அந்தப் போட்டோவை எங்கேயோ பார்த்துவிட்டு ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒருவர் வந்தார். பைபாஸில் புதிதாகப் பிரியாணிக் கடை திறக்கிறாராம். "ஏனுங்க, உங்க காரு எங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சுங்க" என்று அவ்வளவு மரியாதையாகப் பேசினார், எனக்கே கொஞ்சம் ஆசையாக இருந்தது. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். நடுவில் வெட்டி, முன்பாதியைச் சுவரில் பதித்து, முன்பக்கத்தைத் திறந்து வைத்தால் என்ஜின் இருக்கிற இடத்தில் பிரியாணி அண்டா சரியாக உட்காருமாம். அளவெல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "பின்பாதி எங்களுக்கு வேண்டாமுங்க, அதை நீங்களே வச்சுக்கங்க" என்று பெருந்தன்மையும் காட்டினார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். இந்தக் கொட்டகை காலியாக வேண்டும் என்று வருஷக்கணக்கில் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தவர். சரி என்று அவர் தலையாட்டினால் மறுக்க எனக்கு வழி இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு கார் பத்தொன்பது நாளாக அசையவே இல்லை, கியர் பெட்டி பிரித்துப்போட்டபடி கிடந்தது. அவர் சிவப்பு மைப் பேனாவை மூடினார். எழுந்து போய், விலகியிருந்த தார்ப்பாயை இழுத்துக் காரின் முகத்தை மூடினார். வந்தவரிடம் அவரைவிட மரியாதையாகச் சொன்னார்: "ஓடுற வண்டிய யாராச்சும் வெட்டுவாங்களாங்க?"

ஆகவே, சக நோயாளிகளே, வீட்டில் இருப்பவர்கள் திட்டுகிற வரை நமக்குக் குணமாகிற வாய்ப்பு உண்டு. அவர்களும் நமக்காகப் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டால், கொட்டகையை இன்னும் பத்தடி நீட்டிக் கட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.